உப்புக்காற்று ஊரில் சிமெண்ட் தரைக்கு நிறம் ஏற்றுவது பற்றி

நீங்கள் கேட்டதை முதலில் என் வாயால் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். உச்சிப்புளி பக்கம் வீடு, கடல் ஒன்றரை கிலோமீட்டர். முன்னால் போர்டிகோ, அங்கிருந்து பின்பக்கக் கிணற்றடி வரை போகிற சிமெண்ட் நடை, மேலே மொட்டை மாடி, மூன்றும் 9 வருடத்துக்கு முன்னால் போட்ட வெறும் சாம்பல் தளம். டைல்ஸ் ஒட்டுவதற்குக் கையில் பணம் இல்லை, பெரிதாக ஆசையும் இல்லை. ஒரு வீடியோவில் எதையோ தெளித்ததும் தரை அப்படியே பழைய தோல் செருப்பு நிறத்துக்கு மாறியதைப் பார்த்தீர்கள். ஹார்டுவேர் கடைக்காரர் எபாக்சி, அதாவது தரைமேல் தோல் மாதிரி இறுகுகிற பிசின் பூச்சு, அடியுங்கள் என்கிறார். எது நிற்கும், ஆள் வைக்காமல் நானே செய்யலாமா என்பது கேள்வி. ஆனால் கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: மழை முடிந்து தரை காயும்போது சுவரோரமாக வெள்ளையாகப் பூக்கிறது, விளக்குமாற்றால் பெருக்கினால் போய்விடுகிறது என்று. என் கண்ணுக்கு உங்கள் கேள்வியே அந்த வரிதான். நிறம் எது என்பதை அப்புறம் பார்க்கலாம்.

நான் படித்தது சிவில் டிப்ளமோ. 22 வருடமாக இராமநாதபுரம், கீழக்கரை, மண்டபம் பக்கம் வீட்டு வேலைகளை மேற்பார்வை பார்க்கிறேன். வேதியியல் எனக்குப் பாடமாக வந்ததைவிடத் தரை உரிந்த வீட்டுக்காரர்களிடம் திட்டு வாங்கியபோது வந்ததுதான் அதிகம். இந்தக் கடற்கரை எப்பேர்ப்பட்டது என்பதற்கு ஒரு விஷயம் போதும்: காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகத்தார் இரும்பு எப்படி அரிக்கிறது என்று திறந்த வெளியில் தகடுகளை வைத்துச் சோதிப்பதற்கு மண்டபத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வெளியூர்க்காரர் வீடியோவில் செய்து காட்டுவது பொய் இல்லை. அவர் ஊர்க் காற்றில் அது நிற்கும், அவ்வளவுதான்.

அந்த வெள்ளைப் பூச்சுக்கு வருகிறேன். அதில் இரண்டு வகை உண்டு. சிமெண்டிலேயே இருக்கிற சுண்ணாம்பு ஈரத்தோடு மேலே வந்து, காற்றில் உள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து கெட்டியாகப் படிவது ஒன்று. அதைப் பெருக்கினால் போகாது, சுரண்ட வேண்டியிருக்கும். இன்னொன்று மண்ணிலிருந்தும் பேஸ்மெண்ட்டில் நிரப்பிய மணலிலிருந்தும் ஓதத்தோடு, அதாவது கீழிருந்து ஊறி வருகிற ஈரத்தோடு, ஏறுகிற உப்பு. இது பஞ்சு மாதிரி பூக்கும், துடைப்பத்துக்கே வந்துவிடும், அடுத்த மழைக்கு மறுபடி பூக்கும். உங்களுடையது நீங்கள் சொல்கிற லட்சணத்தில் இரண்டாவது. நம் பக்கம் வீடு கட்டும்போது பேஸ்மெண்ட்டைப் பக்கத்தில் கிடைக்கிற மணலால் நிரப்பி, தண்ணீர் விட்டு இறக்கி, மேலே நேராக ஜல்லி கான்கிரீட் போட்டுப் பூசிவிடுவது வழக்கம். நடுவில் பிளாஸ்டிக் தாள் விரிப்பவர்கள் குறைவு. ஆகவே தளம் ஒரு திரி மாதிரி கீழே இருக்கிற ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். தண்ணீர் ஆவியாகப் போய்விடும், உப்பு போகாது. மேலே மூடாத தரையில் அது பூவாகப் பூத்துப் போகிறது, சேதம் இல்லை. மேலே ஒரு தோலைப் போட்டு அடைத்தால் அந்தத் தோலுக்கு அடியில் படிகமாகிப் பெருகும், அதற்கு அசுர பலம்.

அந்தப் பலத்தை நான் பார்த்தது என் சொந்த வீட்டில். ஊருக்கெல்லாம் புத்தி சொல்கிறவன், 2014 வாக்கில் என் வீட்டு போர்டிகோவுக்குச் சாம்பல் நிற எபாக்சி அடித்தேன், இரண்டு கோட்டு, கண்ணாடி மாதிரி இருந்தது, வந்தவர்கள் எல்லாம் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தார்கள். ஐப்பசி மழை வந்தது, போனது. தை மாதம் பார்த்தால் சுவரோரமாக அரை ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளங்கள். ஒன்றை ஆணியால் குத்தினேன், உள்ளிருந்து சோப்புத் தண்ணீர் போல வழவழவென்று ஒரு நீர் வந்தது, விரலில் பட்ட இடம் லேசாக எரிந்தது, அது காய்ந்த இடத்தில் வெள்ளைப் பொடி. அடுத்த வருடம் ஓரத்தில் கரணையை நுழைத்தால் அப்பளம் மாதிரி பெயர்ந்து வந்தது, அடியில் சிமெண்டின் மேல்தோலும் சேர்ந்தே வந்தது. வெயில் படுகிற பாதி அதற்குள் மஞ்சளித்தும் விட்டது. எபாக்சி வெயிலில் மஞ்சளிக்கும் என்பது எனக்குத் தெரியும், தெரிந்தே அடித்தேன் என்பதுதான் வெட்கம். எபாக்சியைக் குறை சொல்லவில்லை, மேல்மாடி அறையிலோ, கீழே தாள் விரித்துப் போட்ட ஒர்க்ஷாப்பிலோ அது நன்றாக உழைக்கும். ஓதம் ஏறுகிற தரைக்கு அது ஆகாது.

அதனால் எதுவும் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, கொஞ்சம் தடித்த, உள்ளே தெரிகிற பிளாஸ்டிக் தாள் எடுத்து, நாலு ஓரத்தையும் அகலமான டேப்பால் காற்றுப் புகாமல் தரையில் ஒட்டுங்கள். குறைந்தது 16 மணி நேரம், அதாவது மாலையில் ஒட்டி மறுநாள் மதியத்துக்கு முன் எடுக்கலாம். நேர் வெயில் படாத இடமாகப் பாருங்கள், வெயில் பட்டால் கணக்குத் தப்பும். தாளின் உட்பக்கம் நீர்த்துளி நின்றாலோ, அடியில் தரை கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது என்று அர்த்தம். போர்டிகோவில் மூன்று இடம், நடையில் இரண்டு இடம் போடுங்கள், அதில் ஒன்று கண்டிப்பாகச் சுவரோரம் இருக்கட்டும். இதை மாசியில் ஒருமுறை, மழைக் காலம் முடிந்த கையோடு ஒருமுறை செய்தால்தான் முழு உண்மை தெரியும். கோடையில் நம்மூர்த் தரை எல்லாமே பாஸ் ஆகிவிடும். கூடவே தரையில் ஒரு ஸ்பூன் தண்ணீர் விட்டுப் பாருங்கள். ஓரிரு நிமிடத்தில் உறிஞ்சி இடம் கறுத்தால் நிறம் உள்ளே இறங்கும். முத்து முத்தாக நின்றால் மேலே எண்ணெயோ பழைய பெயின்ட்டோ, அல்லது கொத்தனார் பால் சிமெண்ட் விட்டுக் கரணையால் இழைத்த கெட்டித் தோலோ இருக்கிறது, எந்தத் திரவமும் இறங்காது.

இப்போது அந்த வீடியோ சமாசாரம். ஆசிட் ஸ்டெயின் என்பது பெயின்ட் கிடையாது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இரும்பு, மாங்கனீசு, தாமிரம் போன்றவற்றின் உப்புகளைக் கரைத்து வைத்திருப்பார்கள். அது சிமெண்டில் மிச்சமிருக்கிற சுண்ணாம்போடு வினைபுரிந்து அந்த இடத்திலேயே நிறமாக மாறுகிறது. அதனால்தான் உரியாது, அதனால்தான் கிடைக்கிற நிறமும் பழுப்பு, தேன், கறுப்பு, பாசி கலந்த நீலம் என்று கொஞ்சம்தான். எவ்வளவு திட்டுத்திட்டாக வரும் என்பதை அடித்தவரே முன்கூட்டிச் சொல்ல முடியாது. உங்கள் தரையில் இதற்கு ஒரு சிக்கல் இருக்கிறது. 9 வருடம் வெயிலும் மழையும் பட்ட தளத்தின் மேல்தோலில் அந்தச் சுண்ணாம்பு பெரும்பாலும் தீர்ந்திருக்கும், வினைபுரிய ஆளே இல்லாத இடத்தில் நிறம் வெளிறித்தான் வரும், தேய்ந்து மணல் தெரிகிற இடத்தில் வரவே வராது. அடிக்கலாம் என்றே வைத்துக்கொண்டாலும் மொட்டை மாடியில் மட்டும் வேண்டாம், இதை உறுதியாகச் சொல்கிறேன். அமிலத்தில் இருப்பது குளோரைடு, கான்கிரீட்டுக்குள் இருக்கிற கம்பியைத் துருப்பிடிக்க வைப்பது அதுதான். கடல் காற்று கொண்டுவந்து கொட்டுகிற குளோரைடே நம் கம்பிகளுக்குப் போதும், பழைய தளங்களில் கம்பிக்கு மேல் கான்கிரீட் முக்கால் இஞ்ச்கூட இருக்காது, அங்கே நாமே கொண்டுபோய் ஊற்ற வேண்டாம்.

இதைப் படிக்கிற வேறு யாராவது செய்யப் போவதாக இருந்தால் இரண்டு வார்த்தை. அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றினால் முகத்தில் தெறிக்கும். அப்புறம், தரையைச் சுத்தம் செய்கிறேன் என்று முதல்நாள் பிளீச்சிங் பவுடர் போட்டுவிட்டு மறுநாள் அதன்மேல் பாத்ரூம் ஆசிட்டையோ ஸ்டெயினையோ ஊற்றாதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், அது விளையாட்டு இல்லை. வேலை முடிந்ததும் ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் தரையை நனைத்து, பொங்குவது நின்ற பிறகு நன்றாகக் கழுவ வேண்டும். கழுவிய தண்ணீர் தென்னை மூட்டுக்குப் போகக் கூடாது.

தோல் நிறம்தான் வேண்டும் என்று மனசு கேட்டால் மலிவான ஒரு வழி இருக்கிறது, நம்மூர் உரக்கடையிலேயே கிடைக்கும்: அன்னபேதி. நிலக்கடலை இலை மஞ்சளிக்கும்போது கரைத்துத் தெளிப்பார்களே, அதே பச்சை உப்புதான், இரும்பு சல்பேட். ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு 100 கிராம் கரைத்து, சுத்தமான தரையில் பிளாஸ்டிக் ஸ்பிரேயராலோ பிரஷ்ஷாலோ அடித்தால் முதலில் ஒன்றும் தெரியாது, கொஞ்சம் பச்சையாகக்கூட இருக்கும். 'ஏமாந்துவிட்டோம்' என்று நினைக்கிற நேரத்தில் மெதுவாக மஞ்சளித்து, மறுநாள் காலையில் துருப்பிடித்த கருப்பட்டி நிறத்துக்கு வந்து நிற்கும். பத்தவில்லை என்றால் இரண்டாவது தடவை அடிக்கலாம். ஜாக்கிரதை, சுவரிலோ வேட்டியிலோ தெறித்தால் அதுவும் நிரந்தரம். இதை நான் இரண்டு வீட்டு நடைபாதையில் செய்திருக்கிறேன், ஒன்று 6 வருடம் ஆகியும் நிறம் இருக்கிறது, இன்னொன்றில் வண்டி ஏறி இறங்குகிற தடம் வெளுத்துவிட்டது. இரண்டை வைத்துக்கொண்டு நான் உத்தரவாதம் தர மாட்டேன். ஆனால் செலவு சில நூறு ரூபாய்தான், பிடிக்கவில்லை என்றால் இழப்பு பெரிதில்லை. உங்கள் கிணற்றடி நடைக்கு நான் இதைத்தான் முதலில் முயன்று பார்ப்பேன், அதுவும் துணி துவைக்கிற கல்லுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாத இரண்டடி இடத்தில்.

கடைகளில் தண்ணீர் கலந்த கான்கிரீட் ஸ்டெயின் என்று வருவது இதைவிடச் சாது. மெல்லிய நிறமித் துகள்கள் தரையின் துளைகளுக்குள் இறங்கி உட்காருகின்றன, எந்த நிறமும் கிடைக்கும், அமில வாடை கிடையாது. துளை திறந்திருக்க வேண்டும், அது ஒன்றுதான் நிபந்தனை. வெளியிடத்துக்கு வாங்கும்போது இரும்பு ஆக்சைடு நிறங்களை, அதாவது சிவப்பு, காவி, மஞ்சள், பழுப்பு, கறுப்பு இவற்றை நம்பி வாங்கலாம், வெயில் அவற்றை ஒன்றும் செய்யாது. பளீர் நீலம், கிளிப்பச்சை கேட்டால் கொஞ்சம் யோசியுங்கள், அவற்றில் பல நம் வெயிலில் சீக்கிரம் வெளுக்கும்.

போர்டிகோவுக்கு என்ன செய்வது என்று கேட்டால், எனக்கு இன்னும் பழைய ரெட் ஆக்சைடு தரைக்கு ஈடாக ஒன்று தெரியவில்லை. கீழக்கரைப் பழைய வீடுகளில் ஐம்பது அறுபது வருடம் ஆன காவித் தரையைப் பார்த்திருப்பீர்கள், நடுவில் நடந்து நடந்து ஈரம் பட்ட மாதிரி மின்னும். அங்கே நிறம் மேலே பூசியது கிடையாது, கலவையிலேயே இருக்கிறது, உரிவதற்குத் தோலே இல்லை. உப்பு பூத்தாலும் பெருக்கி எடுத்துவிட்டு ஈரத்துணியால் துடைத்தால் போதும். இதை நீங்களே செய்ய முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய தளத்தின் மேல் சும்மா ஆக்சைடு கலந்த சிமெண்ட் பாலைத் தடவி இழைத்துத் தருகிறேன் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள், ஒரு வருடத்தில் செதிலாக வரும். பழைய தளத்தை நெருக்கமாகக் கொத்திவிட்டு, தூசி போகக் கழுவி, ஒருநாள் ஊற வைத்து, நிற்கிற தண்ணீரை எடுத்துவிட்டு, சிமெண்ட் பால் அடித்த கையோடு ஒரு இஞ்சுக்குக் கலவை போட வேண்டும். அது இறுகுவதற்கு முன்னால், பெருவிரலால் அழுத்தினால் லேசாகத் தடம் பதிகிற பக்குவத்தில், ஆக்சைடு கலந்த சிமெண்டை மேலே கொடுத்து மணியாசுக் கட்டையால் (மட்டம் பண்ணுகிற மரக்கட்டை) தேய்த்து, பிறகு இரும்புக் கரணையால் இழைக்க வேண்டும். அந்தப் பெருவிரல் பக்குவத்தைப் பிடிக்கத் தெரிந்த கொத்தனார் இப்போது குறைந்துவிட்டார்கள், டைல்ஸ் ஒட்டவே நேரம் சரியாக இருக்கிறது. விசாரித்து வயதானவராகப் பிடியுங்கள், அவர் முன்பு போட்ட தரை ஒன்றை நேரில் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.

ஆக்சைடு எவ்வளவு என்பதில்தான் பெரும்பாலும் கெடுகிறது. சிமெண்ட் எடையில் 5 சதவீதம் போதும், 50 கிலோ மூட்டைக்கு இரண்டரை கிலோ. 10 சதவீதத்துக்கு மேல் போனால் நிறம் கூடாது, பலம்தான் குறையும், காலில் சிவப்பு ஒட்டிக்கொண்டே இருக்கும். பாண்டில் கண்ணளவாக அள்ளிப் போடாமல் தராசு வையுங்கள், முழுத் தரைக்கும் வேண்டியதை ஒரே தடவையாக உலர்ந்த நிலையில் கலந்து சலித்து வைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் காலையில் போட்ட பாதியும் சாயங்காலம் போட்ட பாதியும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்காது. நாலடிக்கு ஒரு இடைவெளி விட்டுக் கோடு போடச் சொல்லுங்கள், விரிசல் அந்தக் கோட்டிலேயே போய்விடும். வாட்டம் பத்தடிக்கு ஒன்றரை இஞ்ச் வாசல் பக்கமாக இருக்கட்டும். ஒரு இஞ்ச் உயரம் கூடுவதால் கேட்டும் கதவும் தட்டுமா என்பதை முன்பே அளந்து பாருங்கள், வேலை முடிந்த பிறகு கதவை இழைக்கிறவர்கள் நிறைய.

பிளாஸ்டிக் தாள் சோதனையில் தண்ணீர் சொட்டுகிற அளவுக்கு வந்தால் மேலே சொன்னதும் பத்தாது. 250 மைக்ரான் தாள் விரித்து, அதன்மேல் மூன்று இஞ்சுக்குக் குறையாமல் புதுக் கான்கிரீட் போட்டு, அதிலேயே இந்தக் காவிப் பூச்சைக் கொடுக்கலாம். செலவு டைல்ஸுக்குக் கிட்டே வந்துவிடும், உயரமும் கூடும். அந்த நிலையில் இரண்டு வருடம் சாம்பலாகவே விட்டுவிட்டுப் பணம் சேர்த்துச் செய்வது நல்லது என்பேன்.

தண்ணீர் விஷயம் நம்மூரில் தனியாகச் சொல்ல வேண்டியது. கலவைக்கும், நனைப்பதற்கும், ஸ்டெயின் கரைப்பதற்கும், கடைசியாகக் கழுவுவதற்கும் போர் தண்ணீரை வாயில் வைத்துப் பாருங்கள், கரித்தால் வேண்டாம். இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456, கம்பி உள்ள கான்கிரீட்டுக்குக் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் கூடாது என்கிறது, கம்பி இல்லாததற்கு 2000. நம் பக்கத்துப் பல போர்கள் இரண்டாவதையே தாண்டும். காவிரித் தண்ணீர் வருகிற நாளில் ஒரு சின்டெக்ஸ் பிடித்து வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பியுங்கள், அல்லது லாரித் தண்ணீருக்குச் செலவழியுங்கள். பூச்சுக்கு மறுநாளிலிருந்து ஏழு நாள் பாத்தி கட்டி நல்ல தண்ணீர் நிற்க வேண்டும். உப்புத் தண்ணீரில் நனைத்த காவித் தரை ரோஜாப் பூ நிறத்துக்கு வெளிறி நின்றதைப் பார்த்திருக்கிறேன், எவ்வளவு தேய்த்தும் பழைய சிவப்பு வரவில்லை. பூத்திருக்கிற உப்பை எடுக்கும்போதும் இதே கவனம்: முதலில் காய்ந்த நிலையில் பிரஷ்ஷால் பெருக்கி அள்ளி வெளியே கொட்டுங்கள். எடுத்த எடுப்பில் தண்ணீர் ஊற்றினால் கரைந்து மறுபடி உள்ளேயே போய்விடும்.

மேலே சீலர், அதாவது தரைக்குப் பாதுகாப்பாகக் கடைசியில் அடிக்கிற பூச்சு, வேண்டுமா என்றால், பளபளப்புத் தருகிற அக்ரிலிக், எபாக்சி வகை எதுவும் போர்டிகோவுக்கும் நடைக்கும் வேண்டாம், கொப்புளக் கதையை மறுபடி எழுத எனக்குத் தெம்பு இல்லை. மழையில் வழுக்கவும் செய்யும், வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அதுவே போதும் காரணம். சிலேன்-சிலாக்சேன் என்று கேட்டு வாங்குங்கள். அது துளைகளின் உட்சுவரில் ஒட்டி மழைத் தண்ணீரை உள்ளே விடாது, கீழிருந்து வருகிற ஆவியை வெளியே விடும், பார்வைக்கு ஒன்றுமே அடிக்காத மாதிரி இருக்கும். ஒன்று, அது ஓதத்தை நிறுத்தாது. உப்புப் பூப்பதை எவ்வளவு குறைக்கும் என்பது தரைக்குத் தரை மாறுகிறது, சில வீட்டில் நன்றாகக் குறைந்தது, ஒரு வீட்டில் வித்தியாசமே தெரியவில்லை. நிழலில் இருக்கிற காவித் தரைக்கு இதுகூட வேண்டாம், நன்றாகக் காய்ந்த பிறகு துணியில் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைத்து, மறுநாள் உலர்ந்த துணியால் அழுத்தித் தேய்த்தால் போதும்.

எப்போது செய்வது: தை பிறந்து தரை காய்ந்த பிறகு, பங்குனி வெயில் ஏறுவதற்குள். கச்சான், அதாவது மேல்காற்று, அடிக்கிற மாதங்களில் ஈரப் பூச்சின் மேல் மணல் வந்து ஒட்டும், ஸ்டெயினை நீங்கள் தரைக்கு அடித்தாலும் பக்கத்து வீட்டு மதிலுக்குப் போகும். எந்த மாதமானாலும் காலை எட்டு மணிக்குள் அல்லது மாலை நாலரைக்கு மேல், கை வைத்தால் பொறுக்கிற சூட்டில்தான் ஸ்டெயின் அடிக்க வேண்டும். சுட்ட தரையில் தண்ணீர் ஆவியாகி நிறம் மேலேயே தங்கிவிடும்.

மொட்டை மாடிக்கு நிறமே வேண்டாம் என்பது என் கட்சி. பழுப்போ காவியோ ஏற்றினால் கீழே இருக்கிற அறைதான் வேகும். விரிசலைப் பார்த்து அடைத்துவிட்டு, சுண்ணாம்போ வெயிலைத் திருப்புகிற வெள்ளைப் பூச்சோ அடியுங்கள். அடிப்பதற்கு முன் ஒரு சின்னச் சுத்தியலால் தளத்தை இரண்டடிக்கு ஒரு இடம் தட்டிக்கொண்டே போங்கள். டங்கென்று கேட்கிற இடம் சரி, பொத்தென்று கேட்கிற இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். அந்த வட்டங்களுக்கு நேர் கீழே சீலிங்கில் துருக்கோடோ, காரை உப்பலோ தெரிந்தால் கம்பி துருப்பிடிக்க ஆரம்பித்திருக்கிறது. அப்படி இருந்தால் போர்டிகோவுக்கு வைத்திருக்கிற பணத்தை முதலில் அங்கே கொண்டுபோங்கள், அதைப் புகைப்படத்தில் பார்த்து என்னால் சொல்ல முடியாது, பக்கத்தில் இருக்கிற ஒரு பொறியாளரை மேலே ஏற்றிக் காட்டுங்கள்.